சிறு விமானமும் தோழமையும்

ஆகாயத்திற் பறக்க வேண்டும் என்னும் ஆசை மனித குலத்துக்குப் புதிதன்று. இராமாயணம் புட்பக விமானத்தைப் பேசுகிறது. சீவக சிந்தாமணியிலே சச்சந்தன் என்னும் மன்னன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். ஆயின், இக்கதைகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. வானவூர்தி அரசனுக்கு உரியது; அல்லது தேவருக்கு உரியது. ஊரிலுள்ள நான்கு நண்பர்கள் காசு சேர்த்து ஒரு வானவூர்தியை வாங்கினார்கள், ஓய்வு நாளிலே அதில் ஏறிப் பறந்து மகிழ்ந்தார்கள் என்னும் செய்தியை அக்கதைகளிற் காண்பதற்கில்லை. அந்த நிலை இருபதாம் நூற்றாண்டிலேதான் கைகூடிற்று. அது கைகூடிய வரலாறு, பெரிய விமானங்களின் வரலாறன்று. மரத்தாலும் துணியாலும் ஆகிய மிகச் சிறிய விமானம் ஒன்றின் வரலாறாகும்.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் திகதி அமெரிக்கக் கடற்கரை மணல்வெளியிலே ரைட் சகோதரர் செலுத்திய விமானம் முதன்முறையாக 12 விநாடி வானில் நின்றது. அதன்பின் பதினோராண்டு கழிவதற்குள் முதலாம் உலக யுத்தம் மூண்டது. பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த விமானம் உடனே படைக்கலமாயிற்று. 1918இல் யுத்தம் முடிந்தபோது ஐரோப்பாவிலே ஆயிரக்கணக்கான விமானங்கள் வேலையற்றுக் கிடந்தன. அவற்றை வாங்குதல் எளிது; வைத்திருத்தல் அரிது. அவை பெற்றோலைப் பெருமளவிற் குடித்தன; நிறுத்துவதற்குப் பெருங்கொட்டகை வேண்டின; பேணுவதற்கு ஓர் ஆட்படையே வேண்டின. எனவே ஆகாயம் படையினருக்கும், பெருஞ் செல்வருக்கும், அப்பொழுது தலையெடுத்த பிரயாணிக் கம்பனிகளுக்கும் உரிய இடமாகவே இருந்தது.

சாதாரண மனிதனுக்கு ஏற்ற விமானம் எது என்னும் வினா 1923இல் இங்கிலாந்திலே வெளிப்படையாக எழுந்தது. கெந்துப் பகுதியிலுள்ள லிம் என்னும் இடத்திலே அவ்வாண்டு ஒரு போட்டி நடந்தது. மோட்டார்ச் சைக்கிளுக்கு உரிய சின்னஞ்சிறு எஞ்சின்களைப் பூட்டிய விமானங்கள் அங்கே வந்து கூடின. ஒரு கலன் பெற்றோலிலே 87.5 மைல் பறந்த இரு விமானங்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. பத்திரிகைகள் வியந்தன. ஆயினும் அவற்றால் நடைமுறைப் பயன் விளையவில்லை. எதிர்காற்றுச் சற்றே வலுத்தால் அவற்றுக்கு முன்னேறுவதே பெரும்பாடு. பெரும்பாலானவற்றில் ஒருவர் மட்டுமே இருக்கலாம். ஒருவர் மட்டுமே இருக்கக்கூடிய விமானத்திலே பழகுபவனுக்கு ஆசான் எங்கே அமர்வான்? நண்பனை எங்கே ஏற்றுவது?

இதனைத் தெளிவாக உணர்ந்தவர் ஜெப்ரி டி ஹவிலண்ட். சமயகுரு ஒருவரின் மைந்தராக 1882இற் பிறந்த இவர், முதலிற் செய்த விமானம் நொறுங்கிப் போகவே, மனந்தளராது மற்றொன்றைச் செய்து 1910இற் பறந்தவர். 1920இல் இலண்டனின் வடபுறத்திலே, ஸ்டாக் லேன் என்னும் இடத்திற் சொந்தமாக ஒரு விமானத் தொழிற்சாலையைத் தொடக்கினார். லிம் போட்டிக்கு இவருடைய தொழிற்சாலையும் ஒற்றை இருக்கை விமானம் ஒன்றை அனுப்பியிருந்தது. அந்த அனுபவத்திலிருந்து இவர் கற்ற பாடம், எஞ்சினை இன்னும் சிறிதாக்குவதன்று. வலுவைச் சற்றுக் கூட்டி இருவர் பறக்கக்கூடியதாக்குவதே.

ஆனால் அத்தகைய எஞ்சின் கடையிற் கிடைக்கவில்லை. அப்பொழுது பிராங்க் ஹல்போர்ட் என்னும் பொறியியலாளர் ஒரு வழி கண்டார். யுத்த காலத்து மிச்சமாகிய ரெனோ எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. அவை எட்டுச் சிலிண்டர் உடையவை. அவற்றின் உறுப்புகளைக் கொண்டே நான்கு சிலிண்டருடைய புதிய எஞ்சின் ஒன்றை ஆக்கினார். 60 குதிரைவலு உடைய அந்த எஞ்சினுக்குச் 'சிரஸ்' என்று பெயர். யுத்தத்தின் எச்சத்திலிருந்து பொழுதுபோக்கின் கருவி பிறந்தது. 1925ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி டி ஹவிலண்டே புதிய விமானத்தை ஸ்டாக் லேனிலிருந்து வானிற் செலுத்தினார்.

அவ்விமானத்தின் சிறகுகளைப் பின்புறமாக மடித்துவிடலாம். மடித்தபின் அது சிறு கொட்டகையுள் அடங்கும். மோட்டார்க் காரின் பின்னாற் கட்டித் தெருவிலே இழுத்தும் செல்லலாம். டி ஹவிலண்ட் இளமை முதலே வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி ஆகியவற்றைத் தேடித் திரட்டுவதில் ஈடுபாடுடையவர். சிறகை மடித்து ஒடுங்கும் தம் விமானத்துக்கு அந்துப்பூச்சியின் பெயரையே இட்டார். ஆங்கிலத்திலே அது 'மொத்' எனப்படும். பின்னர் இத்தொழிற்சாலையில் உருவான ஜிப்சி மொத், புஸ் மொத், டைகர் மொத் ஆகிய யாவும் அக்குலப் பெயரைத் தாங்கியவையே.

நல்ல விமானம் ஒன்று பிறந்ததனால் மட்டும் ஆகாயம் எளியோருக்குத் திறந்துவிடவில்லை. ஜிப்சி மொத்தின் விலை ஏறக்குறைய 650 பவுண். மாதச் சம்பளம் பெறும் எழுதுவினைஞர் ஒருவர் அத்தொகையைத் தனியே தேடுதல் இயலாது. இங்கேதான் தோழமையின் பங்கு தொடங்குகிறது. பிரித்தானிய குடியியல் விமானத்துறைக்குப் பணிப்பாளராயிருந்த சேர் செப்டன் பிராங்கர் என்பவர் விமானக் கழகங்களுக்கு அரசாங்கம் உதவிப்பணம் வழங்க வேண்டும் என்று வாதாடி வெற்றி கண்டார். 1925இல் இலண்டன், லங்காசயர், நியூகாசில், மத்திய மாகாணங்கள், யோர்க்சயர் ஆகியவற்றுக்கென ஐந்து கழகங்கள் இத்திட்டத்திற் சேர்ந்தன. ஒருவர் வாங்க இயலாத விமானத்தைப் பலர் கூடிப் பயன்படுத்தினர். பறந்த மணிக்குரிய கட்டணத்தைச் செலுத்தினாற் போதும். சனி, ஞாயிறுகளிலே புல்வெளி ஓரத்தில் முறைக்குக் காத்திருந்து, ஒருவர் பறப்பதை மற்றவர் கண்டு குறை நிறை பேசி, மாலையிலே எல்லோரும் சேர்ந்து விமானத்தைக் கொட்டகையுள் தள்ளிவிட்டு வீடு திரும்பினர்.

இந்த ஏற்பாட்டினால் விளைந்த நன்மைக்கு ஏமி ஜோன்சன் என்னும் பெண்மணியின் வாழ்க்கை சான்றாகும். ஹல் நகரத்து மீன் வியாபாரி ஒருவரின் மகளாகிய இவர், இலண்டனிலே சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்திற் பணி செய்து, சம்பளத்தை மிச்சம் பிடித்து, ஸ்டாக் லேனிலுள்ள இலண்டன் கழகத்திற் பறக்கப் பழகினார். 1929இல் விமானி அனுமதிப்பத்திரம் பெற்றார். அத்துடன் அமையாது எஞ்சினையும் அறிய விரும்பினார். கழகத்தின் தலைமைத் தரைப்பொறியாளர் ஜாக் ஹம்பிரீஸ் அவருக்கு அத்தொழிலைக் கற்பித்தார். கையில் எண்ணெய் படிய வேலை செய்த அப்பெண்ணைக் கொட்டகையில் இருந்தோர் 'ஜோனி' என்று தம்முள் ஒருவராகவே அழைத்தனர். பிரித்தானியப் பெண்களுள் தரைப்பொறியாளர் பத்திரம் பெற்ற முதல்வர் அவரே.

1930 மே 5ஆம் திகதி அவர் பழைய ஜிப்சி மொத் ஒன்றிலே குரொய்டன் நிலையத்திலிருந்து தனியே புறப்பட்டார். விமானத்தின் விலையைத் தந்தையாரும் வேக்பீல்ட் பிரபுவும் பகிர்ந்து கொடுத்திருந்தனர். தந்தையாரின் வியாபாரக் குறியாகிய 'ஜேசன்' என்பதே விமானத்தின் பெயர். ரங்கூனுக்கு அருகே இன்சேனில் இறங்கியபோது விமானம் பள்ளத்திற் பாய்ந்து சிதைந்தது. அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியார் அதனைச் செப்பனிட உதவினர். ஏறக்குறைய 11,000 மைல் பறந்து, மே 24ஆம் திகதி அவர் அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். உலகம் அவரைத் தனியே பறந்த பெண் எனப் போற்றியது. பறந்தது தனியே என்பது உண்மை. ஆயின் அந்தப் பயணத்துக்கு முன்னே கொட்டகையில் கற்பித்த கைகளும், வழியிலே சிறகைச் செப்பனிட்ட கைகளும் பலவாம்.

அதே ஆண்டு இந்தியாவிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண் பரிசு அறிவித்தார். மன் மோகன் சிங், ஜே. ஆர். டி. டாட்டா, பதினேழே வயது நிரம்பிய அஸ்பி எஞ்சினியர் என்னும் மூவர் ஜிப்சி மொத் விமானங்களிற் போட்டியிட்டனர். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் பறந்தார். அஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்தார். எகிப்திலே அபுகீர் நிலையத்தில் இருவரும் சந்தித்தனர். எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக் பழுதானமையால் அஸ்பி அங்கே தடைப்பட்டு நின்றார். டாட்டா தம்மிடம் மேலதிகமாக இருந்ததை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தம் வழியே சென்றார். முடிவிலே சில மணிநேர வேறுபாட்டாற் பரிசு அஸ்பிக்கே கிடைத்தது. அவர் பிற்காலத்திலே இந்திய விமானப்படையின் தளபதியானார். டாட்டா 1932இற் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் புஸ் மொத் விமானத்தில் தபாலைக் கொண்டுசென்று, இந்திய விமானப் போக்குவரத்துக்கு வித்திட்டார். பரிசை இழந்தமைக்கு அவர் வருந்தியதாக வரலாறு இல்லை.

இலங்கைக்கும் இக்குலத்து விமானத்தோடு உறவுண்டு. கொழும்பிற்குத் தெற்கே இரத்மலானையில் விமானத்தளம் அமைந்தபோது, 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கே முதன்முதல் இறங்கியது ஒரு புஸ் மொத். அதனைச் சென்னையிலிருந்து செலுத்தி வந்தவர் சென்னை விமானக் கழகத்தின் பிரதம பயிற்றுநராகிய டின்டேல் பிஸ்கோ. அவர் வந்தது பெருங் கம்பனியின் விமானத்தில் அன்று. பொழுதுபோக்காகப் பறப்போர் கூடும் கழகம் ஒன்றின் ஆசிரியர் கடல் கடந்து வந்தமையே இரத்மலானையின் வரலாற்றில் முதல் வரியாக அமைந்தது.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கழகங்கள் வாயிலைத் திறந்தன எனினும், வாயிலுக்கு வருவதற்கே வசதியில்லாதோர் கோடிக்கணக்கானோர். மேலும், வானம் தவறுகளை எளிதில் மன்னிப்பதில்லை. அறுபது வயதுக்குப் பின்னரும் ஆர்வத்தோடு பறந்த பெட்போர்ட் கோமகள், தனியே பறந்த கணக்கில் 200 மணி நிறைவேற்ற விரும்பி, 1937 மார்ச் மாதத்திலே தம் மொத் விமானத்திற் புறப்பட்டார்; திரும்பவில்லை. ஏமி ஜோன்சன் 1941 ஜனவரியிலே யுத்தப் பணியாக வேறொரு விமானத்தைச் செலுத்திச் சென்றபோது தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தில் வீழ்ந்து மறைந்தார். விமானம் செய்த டி ஹவிலண்டே தம் மைந்தர் இருவரை 1943இலும் 1946இலும் விமான விபத்துகளிற் பலி கொடுத்தவர்.

1931 அக்டோபர் 26ஆம் திகதி டைகர் மொத் முதன்முறை பறந்தது. பழகுபவன் பின்னிருக்கையிலும் ஆசான் முன்னிருக்கையிலும் அமரும் அவ்விமானத்தில், ஆபத்து வேளையில் ஆசான் பரசூட்டுடன் வெளியே குதிக்க மேற்சிறகு தடையாயிருந்தது. எனவே மேற்சிறகை முன்னே நகர்த்தி, நிறைச்சமம் கெடாதிருக்கச் சிறகுகளைப் பின்னோக்கிச் சாய்த்தனர். டைகர் மொத்துக்குரிய தனித்தோற்றம் அழகுக்காக அமைந்ததன்று. ஓர் ஆசிரியனின் உயிரைக் காப்பதற்காக அமைந்ததாகும்.

1939இல் இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் பிரித்தானியாவிற் பொழுதுபோக்குப் பறத்தல் நிறுத்தப்பட்டது. தனியார் விமானங்கள் பலவற்றை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. டைகர் மொத்தோ எண்ணாயிரத்துக்கும் மேலாக ஆக்கப்பட்டது. இங்கிலாந்திலே மோட்டார்க் கார்த் தொழிற்சாலையிலும், கனடா, அவுஸ்திரேலியா, நியூசீலாந்து ஆகிய நாடுகளிலும் அதனை ஆக்கினர். அந்நாடுகளின் இளைஞர் பலர் பறத்தலின் அரிச்சுவடியை அதிலேயே கற்றனர். கற்றவருட் பலர் வீடு திரும்பவில்லை. நண்பர் மகிழ்வதற்கெனத் தோன்றிய குலத்தின் பிள்ளை மீண்டும் யுத்தத்தின் பணியாளாயிற்று.

யுத்தம் முடிந்து 1946 ஜனவரி முதலாந் திகதி பிரித்தானியாவிலே குடியியற் பறத்தல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்லப் படைக்கு வேண்டாத டைகர் மொத் விமானங்கள் மலிவாக விலைக்கு வந்தன. நியூசீலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அவை வயலுக்கு உரமும் மருந்தும் தூவின. எத்தனையோ விமானங்கள் விறகாயின. படைகளில் அதன் இடத்தை உலோகத்தாலான சிப்மங்க் என்னும் விமானம் பெற்றது. 1951இல் தோன்றிய இலங்கை விமானப்படையும் சிப்மங்க் விமானங்களைக் கொண்டே பயிற்சியைத் தொடங்கிற்று. மரமும் துணியும் ஆகிய விமானத்தின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

அது முடியாமற் காத்தவர் நண்பர் குழுவினரே. 1956இல் நோர்மன் ஜோன்ஸ் என்பவர் 'டைகர் கழகம்' என ஒன்றை நிறுவினார். குறைந்த செலவிற் பறப்பதும், வானிலே கரணம் பயில்வதும், ஊர்தோறும் காட்சி நடத்துவதும் அதன் நோக்கம். மேற்சிறகின்மீது ஒருவரை நிற்க வைத்துப் பறந்து காட்டிய அவர்களின் காட்சிக்கு மக்கள் திரண்டனர். 1946இலே தோன்றிய மற்றொரு சங்கம், 1952இல் 'மக்கட் பறத்தற் சங்கம்' என்னும் பொருளுடைய பெயரைப் பெற்றது. சிறு விமானத்தை நண்பர் பலர் பங்கு போட்டு வைத்திருப்பதற்கும், தகுதி பெற்ற பரிசோதகரின் கண்காணிப்பிலே தாமே அதனைப் பேணுவதற்கும் அது வழிகாட்டிற்று. எண்ணெய் மாற்றுவது முதல் சிறகுக்குத் துணி போர்த்துவது வரை உரியவரே செய்தமையாற் செலவு குறைந்தது.

பழைய விமானத்தைப் பேணுதல் எத்தகைய வேலை என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் தகும். சிறகின் எலும்பு இலேசான மரம். அதன்மேற் போர்த்தது துணி. துணியைச் சிறகின் விலாக்களோடு ஊசியும் நூலும் கொண்டு கையாலே தைத்தல் வேண்டும். பின்னர் அது இறுகி விறைக்கும்படி ஒருவகைப் பூச்சுத் தடவுதல் வேண்டும். பசை விட்ட இடத்தைக் கண்டறிதல் வேண்டும். புறப்படும் வேளையிலும் தனியொருவரால் ஆவது சிறிதே. டைகர் மொத்தை விசை தட்டி எழுப்ப மின்சாரக் கருவி இல்லை. முகப்பிலுள்ள மரச் சுழல்விசிறியை ஒருவர் கையாலே சுழற்ற, உள்ளிருப்பவர் உரிய நொடியிலே விசையைத் திறத்தல் வேண்டும். ஒருவர் சொல்லை மற்றவர் தவறாகக் கொண்டாற் கை போகும். பழைய அமைப்பிலே பிரேக்கும் இல்லை. ஆதலாற் சில்லுகளுக்கு முன் கட்டை இட்டுப் பிடித்து, சைகை கண்டதும் இழுத்துவிட வேறொருவர் வேண்டும். வானில் ஏறியபின் முன்னிருப்பவரும் பின்னிருப்பவரும் குழாய் வழியே பேசிக்கொள்வர். இவ்விமானத்தில் நம்பிக்கை என்பது ஓர் அலங்காரச் சொல்லன்று. அது எஞ்சினின் ஓர் உறுப்பைப் போன்றது.

இத்தகைய விமானங்களைப் பறக்கவிட வேண்டுமா, காட்சிச்சாலையில் வைக்க வேண்டுமா என்பது கடினமான வினா. பறந்தால் ஒருநாள் நொறுங்கலாம், மாற்று இல்லை. உள்ளிருப்பவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஏமி ஜோன்சனின் 'ஜேசன்' இலண்டன் விஞ்ஞானக் காட்சிச்சாலையிலே அசைவற்றுத் தொங்குகிறது. அதனைக் காண்போர் ஒரு வீரச் செயலை நினைக்கின்றனர். அதற்கு மாறாக, பெட்போர்ட்சயரில் ஓல்ட் வோர்டன் என்னும் சிற்றூரிலே மற்றொரு மொத் உண்டு. ரிச்சர்ட் ஷட்டில்வேர்த் என்னும் இளைஞர் 1932இல் அதனை வாங்கினார். அன்று முதல் அதன் இருப்பிடம் அவ்வூரே. பழைய விமானங்களைத் தேடித் திருத்திப் பறக்கச் செய்வதில் இன்பங் கண்ட அவர், 1940 ஆகஸ்ட் 2ஆம் திகதி விமானப்படைப் பயிற்சியிலே விபத்துக்குள்ளாகி மாண்டார். தாயாருக்கு அவர் ஒரே பிள்ளை. மகனைக் கொன்ற துறையை அத்தாய் வெறுத்திருந்தாலும் உலகம் குறை கூறியிராது. அவரோ 1944இல் மகனின் நினைவாக ஓர் அறநிதியம் நிறுவி, விமானக் கலையும் விவசாயமும் கற்பிக்க வழி செய்தார். மகனின் விமானங்கள் அங்கே இன்றும் பறக்கின்றன. 1909ஆம் ஆண்டுப் பிளேரியோ விமானம் ஒன்று, காற்று முற்றும் அடங்கிய மாலையிலே, புல்வெளியின் மீது நேர்கோட்டிற் சிறிது தூரம் எழுந்து இறங்குகிறது. அதற்கு மேல் அதனை வருத்துவதில்லை.

ஓல்ட் வோர்டன் காட்டும் விடை இதுவே. விமானத்தை நிறுத்தி வைத்தால் மரமும் துணியும் எஞ்சும். அதனைத் தைக்கவும், கேட்டறியவும், காற்றை அறிந்து செலுத்தவும் வல்ல அறிவு எஞ்சாது. அந்த அறிவு நூலில் அடங்குவதன்று. மூத்தவரின் கையைப் பார்த்து இளையவரின் கை பழகுவது. பறப்பதனால் வரும் ஆபத்தை அடக்கமாலும் நிதானத்தாலும் குறைக்கலாம். மறந்துபோன கைத்தொழிலை மீட்பதற்கு வழியில்லை.

டி ஹவிலண்ட் என்னும் கம்பனி 1960இல் வேறொரு கம்பனியோடு இணைந்தது. முதலாவது மொத் எழுந்த ஸ்டாக் லேன் புல்வெளி அதற்கு முன்னரே விற்கப்பட்டு வீடுகள் நிறைந்த இடமாயிற்று. ஆயினும் 1975இல் மொத் விமானங்களுக்கென்றே ஒரு கழகம் தோன்றியது. பெட்போர்ட் கோமகளின் இல்லமாயிருந்த வூபர்ன் மாளிகையின் புல்வெளியிலே அக்கழகத்தார் ஆண்டுகள் பல கூடினர். 2025 பெப்ரவரியிலே மொத் விமானம் பிறந்து நூறாண்டு நிறைந்தது. செய்த தொழிற்சாலையும் இல்லை. எழுந்த நிலமும் இல்லை. விமானம் மட்டும் பறக்கிறது. அதனைத் தாங்குவது அரசாணையுமன்று, பெருஞ் செல்வமுமன்று. பங்குப் பணத்தோடு தம் ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுக்கச் சித்தமாயுள்ள சில நண்பர்களே அதனைத் தாங்குகின்றனர். நம் ஊர்களிலே நூல்நிலையத்தையும் தேரையும் குளத்தையும் காத்து வந்தோரும் இத்தகையோரே என்பதை நேயர்கள் அறிவர்.